வேலையை விட்ட நிருபர்



பத்திரிகையாளர் நாயகனாக வரும் படங்கள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1985-இல் வந்த அமெரிக்கப் படமான ‘ஃபிளெட்ச்’ மீது இன்னும் கொஞ்சம் கூடுதலாக. கடற்கரையில் நடக்கும் போதை வியாபாரத்தைத் துப்பறிய, லாஸ் ஏஞ்சலஸ் நிருபர் ஃபிளெட்ச் அங்கேயே நாடோடி வேடத்தில் கிடக்கிறார். அதை நிஜமென்று நம்பிய பணக்காரர் ஒருவர், தன்னைக் கொன்றால் 50,000 டாலர் தருவதாகச் சொல்கிறார். எப்பேர்ப்பட்ட முடிச்சு! ஃபிளெட்சாக நடித்த செவி சேஸ் வாய் ஓயாமல் நக்கலடித்தாலும் அந்த முடிச்சு நம்மை விடுவதில்லை.

அதைப் போட்டவர் நாவலாசிரியர் கிரெகரி மெக்டொனால்ட். ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழில் பணியாற்றியவர். கதையைப் பெரும்பாலும் உரையாடலிலேயே நகர்த்துவார். கேள்வி கேட்பதைத் தொழிலாகக் கொண்டவரின் எழுத்து அது. ‘ஃபிளெட்ச்’ நாவலுக்கும் அடுத்து வந்த ‘கன்ஃபெஸ், ஃபிளெட்ச்’ நாவலுக்கும் மர்மக் கதைகளுக்கான எட்கர் விருது கிடைத்தது.

இரண்டாம் படமான ‘ஃபிளெட்ச் லிவ்ஸ்’ 1989-இல் வந்தது. அதே செவி சேஸ், அதே இயக்குநர் மைக்கேல் ரிட்சி. கதை மட்டும் மெக்டொனால்டின் எந்த நாவலிலும் இல்லாதது. லூசியானாவில் அத்தையின் தோட்ட மாளிகை தனக்கு வந்துவிட்டதாகத் தெரிந்ததும் ஃபிளெட்ச் வேலையை விட்டுவிட்டுக் கிளம்புகிறார். போய்ப் பார்த்தால் மாளிகை பாழடைந்து கிடக்கிறது. உடனே ஒரு கொலை, பழி இவர் தலையில். அந்த நிலத்தின் மீது தொலைக்காட்சிப் பிரசங்கி ஒருவருக்கும் கண்.

இங்கேதான் எனக்கு ஆதங்கம். அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் தொலைக்காட்சிப் பிரசங்கிகளின் குட்டு ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தது. அவர்களில் ஒருவரான ஜிம் பேக்கரின் அமைப்பில் காணிக்கைப் பணம் எங்கே போனது என்று தோண்டிய ‘சார்லட் அப்சர்வர்’ நாளிதழுக்கு 1988-இல் புலிட்சர் விருது கிடைத்தது. வேடம் கட்டி ஒரே இரவில் பிடித்த செய்தியல்ல அது; கணக்குகளையும் ஆவணங்களையும் விடாமல் துரத்தி எடுத்தது. இப்படி ஒரு காலத்தில் வந்த படம், தன் நிருபரை முதல் வேலையாகப் பத்திரிகையிலிருந்தே வெளியேற்றிவிட்டது! முதல் படத்தில் ஒவ்வொரு மாறுவேடத்துக்குப் பின்னாலும் பதில் தேடும் கேள்வி ஒன்று இருந்தது. இதில் பல இடங்களில் வேடமே காட்சியாகிவிடுகிறது.

ஆனாலும் பாருங்கள் என்றே சொல்வேன். தன்னை மிரட்ட வந்த கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலுக்குள் ஃபிளெட்ச் வெள்ளை அங்கியோடு நுழைந்து கலாய்க்கும் காட்சி ஒன்று போதும். வெறுப்பைக் கேலியால் அடிப்பதற்கும் துணிச்சல் வேண்டும். அப்புறம், படத்தின் மிகச் சிறந்த மாறுவேடம் ஃபிளெட்ச் போட்டதல்ல. யாருடையது என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.

2022-இல் ஜான் ஹாம் நடித்த ‘கன்ஃபெஸ், ஃபிளெட்ச்’ மறுபடி நாவலுக்கே போனது. அதிலும் ஃபிளெட்ச் வேலையை விட்ட நிருபர்தான். ஆனால் கதை கெட்டியாக இருப்பதால் நகைச்சுவை தானாக வந்து உட்கார்கிறது. திரையரங்கில் பெரிய கூட்டம் சேராமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்.

திரையிலோ நாவலிலோ உங்கள் மனதில் நின்ற நிருபர் யார்? எழுதுங்கள். தேர்ந்த கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்