வெள்ளம் தேங்கும் வயலில் வாழை வைக்கலாமா? மண்வள அட்டையில் இல்லாத ஒரு கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. 2021 நவம்பரில் கொட்டிய மழையில் பழையாறு, குழித்துறையாறு கரையோர வயல்கள் மூழ்கின. இப்படி வெள்ளம் வரும்போதெல்லாம் ஒரு தோட்டம் தப்பிக்கும், கொஞ்சம் தள்ளியிருக்கும் இன்னொன்று அழுகிப்போகும். ஆறு ஒன்றுதான், வெள்ளமும் ஒன்றுதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

ஒரே ஆறு, இரண்டு மண்

ஆறு கரை தாண்டும்போது தண்ணீரின் வேகம் குறைகிறது. கனமான மணலும் வண்டலும் கரையோரத்திலேயே படிந்துவிடும். நுண்ணிய களிமண் மட்டும் உள்ளே போய் பள்ளத்தில் தங்கும். அதனால் கரையோரம் மேடாக, தண்ணீர் சீக்கிரம் வடியும் மண்ணாக இருக்கும். உள்பக்கம் தாழ்வாக, நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும் களியாக இருக்கும்.

நெல் தாங்கும், வாழை தாங்காது

நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று போக இடைவெளிகள் இருக்கின்றன. இலை வழியாக வரும் ஆக்சிஜன் வேர் வரை இறங்கும். வாழை அப்படி இல்லை. அதன் வேர், மண்ணுக்குள் இருக்கும் காற்றை நம்பியே வாழ்கிறது. சில நாள் தண்ணீர் தேங்கினாலே வேர் அழுகத் தொடங்கும். ஏத்தன் வாழை 10 மாதத்துக்கு மேல் நிற்கும் பயிர். நடுவில் ஒரு வெள்ளம் வந்தால் அத்தனை மாதச் செலவும் உழைப்பும் தண்ணீரோடு போய்விடும்.

விளை வேறு, வயல் வேறு

இந்தக் கணக்கு நாஞ்சில் நாட்டுக்குப் புதுசு இல்லை. மேட்டு நிலத்துக்கு 'விளை' என்று பெயர். தென்னை, மரச்சீனி, வாழை எல்லாம் அங்கே. தாழ்ந்த வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு போகம் நெல்.

ஆனால் ஆள் பற்றாக்குறை, கூலி உயர்வு, நெல்லுக்குக் கட்டுப்படியாகாத விலை என்று பல காரணங்களால் வயல்களிலும் வாழையும் தென்னையும் ஏறிவிட்டன. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாழைக்காக ஒருவர் வயலை மண் போட்டு உயர்த்தினால், வடிகால் அடைபட்டு பக்கத்து நெல் வயலிலும் தண்ணீர் தேங்கும். நஷ்டம் ஒருவரோடு நிற்பதில்லை.

அட்டை என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் தழைச்சத்து, மணிச்சத்து, கார அமிலத் தன்மை உள்ளிட்ட 12 விஷயங்கள் பரிசோதிக்கப்படுகின்றன. எவ்வளவு உரம் போடலாம் என்பதற்கு அது உதவும். ஆனால் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பது அந்த 12-ல் இல்லை. வெள்ள நிலத்தில் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான்.

அப்போ என்ன செய்யலாம்?

• ஓரிரு நாளில் வடியும் கரை மேடு: வாழை, காய்கறி வைக்கலாம். வடிகால் வாய்க்கால் கட்டாயம்.

• ஒரு வாரம் வரை நிற்கும் களி வயல்: நெல்தான் பாதுகாப்பு. வாழை வைத்தே ஆகணும் என்றால், பொது வடிகாலை மறிக்காமல் மேட்டுப்பாத்தி போட வேண்டும்.

• பயிரே மூழ்கும் பள்ளம்: வெள்ளம் தாங்கும் 'சப்-1' நெல் ரகங்கள் இருக்கின்றன. இளம் பயிராக இருக்கும்போது சுமார் இரண்டு வாரம் மூழ்கினாலும், தண்ணீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கும். பூக்கும் சமயத்தில் மூழ்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தமிழ்நாட்டில் கிடைக்கும் சி.ஆர். 1009 சப்-1 நீண்ட வயது ரகம். அது கும்பப்பூவுக்குச் சரிவருமா என்பதை திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுவிட்டு விதைப்பது நல்லது.

கடந்த வெள்ளத்தில் தன் வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பது விவசாயிக்கே தெரியும். அடுத்த பயிரை முடிவு செய்யும்போது, அட்டையில் உள்ள எண்களோடு அந்த எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.