பூனைக்கு கு.க. பண்ணா பாவமாம்!

இதைச் சொல்றவங்க யாரும் கெட்டவங்க இல்லை மக்களே, அதுதான் பிரச்சினையே. தினமும் பால் ஊத்துவாங்க, மீன் தலை வைப்பாங்க, பேர் வச்சுக் கூப்பிடுவாங்க. நாங்க கூண்டோட போய் நின்னா மட்டும், "வாயில்லா ஜீவன்ப்பா, இயற்கையா விட்டுடுங்க"ன்னு ஒரு பிரசங்கம். சென்னையில தெருப்பூனைகளைப் பிடிச்சு கருத்தடை ஆபரேஷன் பண்ணி, குட்டிகளுக்கு வீடு தேடிக் கொடுக்கிற கும்பல்ல நானும் ஒருத்தன். பூனை பிராண்டினதைவிட இந்த டயலாக் பிராண்டினதுதான் அதிகம்.

சரி, இயற்கையா விட்டா என்ன ஆகும்? பி.காம் படிக்கிறவன், கணக்கு போடாம இருக்க முடியாது. பொட்டைப் பூனை அஞ்சாறு மாசத்துலயே பருவத்துக்கு வந்துடும். சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம். ஈத்துக்கு மூணு நாலு குட்டி, வருஷத்துக்கு ரெண்டு மூணு ஈத்து. பால் குடுத்துக்கிட்டு இருக்கும்போதே மறுபடி சினையாகும். ஒரு ஜோடி ஏழு வருஷத்துல 4,20,000 பூனை ஆகும்னு எங்க ஆளுங்களே போஸ்டர் ஒட்டுவாங்க. சுத்தப் பொய். கூட்டு வட்டி சொல்லிக் குடுக்கிற வாத்தியார்கூட நம்ப மாட்டார். ஆனா ஏன் அப்படி ஆகறதில்லைன்னு யோசிச்சீங்களா?

செத்துப் போகுது. அவ்வளவுதான். அமெரிக்காவுல வட கரோலினாவில் 169 தெருப்பூனைக் குட்டிகளைக் கவனிச்ச ஆய்வு 2004ல வெளியாச்சு. ஆறு மாசம் முடியறதுக்குள்ள 127 குட்டிகள் செத்துடுச்சு, இல்லைன்னா காணாமப் போயிடுச்சு. நாலுல மூணு! காரணம் தெரிஞ்ச சாவுகள்ல அடிபட்டு செத்ததுதான் அதிகம். நீங்க இயற்கைன்னு சொல்றது இதைத்தான். ஆபரேஷன் பாவம்னா, இது எந்தக் கணக்குல வரும்?

அடுத்து, குட்டி எடுக்க வர்றவங்க. முதல் கேள்வியே "ஆண் குட்டி இருக்கா?"தான். (மூணு கலர்ல ஆண் குட்டி வேணும்னு ஒருத்தர் ஒத்தைக் கால்ல நின்னார். வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூணும் சேர்ந்து வந்தா அது கிட்டத்தட்ட எப்பவுமே பொட்டைதான் சார்!) ஆண்னா வீட்டுல குட்டி போடாதாம். ஆமா, உங்க வீட்டுல போடாது. ராத்திரி வெளிய போய்ட்டு வர்ற உங்க கடுவன் அடுத்த தெருவுல குடும்பம் நடத்தும், செலவு அவங்க லெட்ஜர்ல ஏறும். நல்ல அக்கவுண்டிங்!

பொட்டைக் குட்டிகளுக்குக் கோணிப்பைதான். கட்டி எடுத்துட்டுப் போய் மீன் மார்க்கெட் பக்கம் விட்டா, அங்க சாப்பாடு கிடைக்கும்னு மனசைத் தேத்திக்கலாம். ஏற்கனவே அங்க இருக்கிற பூனைங்க வெத்தலை பாக்கு வச்சு வரவேற்கும் பாருங்க. கண் திறந்து ரெண்டு வாரம்கூட ஆகாத குட்டி மீன் தலையைக் கடிச்சுத் தின்னுமா? ஆனா இதைப் பண்றவங்க ஆபரேஷன் தியேட்டர்னு கேட்டா மட்டும் கண் கலங்குவாங்க.

சென்னைக்கு இது ஒண்ணும் புதுசு இல்லை. தெருநாயைக் கொல்றதுக்குப் பதிலா கருத்தடை பண்ணலாம்னு இங்க இருக்கிற ப்ளூ கிராஸ் 1964லயே ஆரம்பிச்சது. மாநகராட்சி ஒத்துக்க 1996 ஆச்சு. நாய் விஷயத்துல 32 வருஷம் போச்சு, பூனைக்கும் அவ்வளவு நாள் காத்திருக்கணுமா?

ஆபரேஷன்னா ஒண்ணும் பயங்கரம் இல்லை. மயக்க மருந்து, சில தையல், பொட்டைக்கு சில நாள் ஓய்வு. காது நுனியில துளி வெட்டி விடுவாங்க, அதைப் பார்த்தா மறுபடி பிடிக்க வேண்டாம்னு தெரிஞ்சுக்கலாம். அப்புறம் பழைய இடத்துலயே விட்டுடுவோம், நீங்க அதே மாதிரி மீன் தலை வைக்கலாம்.

பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தங்க "இந்த ஈத்து முடியட்டும்"னு சொல்லிச் சொல்லியே நாலு ஈத்து தாண்டிட்டாங்க. இப்ப மாடிப்படிக்குக் கீழ மூணு குட்டி. குட்டிங்க பால் மறந்ததும் தாயைக் கூட்டிட்டுப் போகலாம்னு ஒருவழியா தலையாட்டியிருக்காங்க. கடுவனுக்கு இப்பவே ஆறு பேர் கியூ. பொட்டை ரெண்டும் அப்படியே இருக்கு. இன்னும் ஒரு மாசத்துல எடுத்துக்கலாம். வயசு வந்ததும் ஆபரேஷன் நாங்களே பண்ணிக் குடுக்கறோம். யாருக்கு வேணும்?