போலீசு மேற்பார்வையும் கட்சியும்

இங்கிலாந்திலும் வேல்சிலும் போலீசு இலாகாவை மேற்பார்வை செய்ய ஜனங்களே ஓட்டுப் போட்டு ஒரு கமிஷனரைத் தேர்ந்தெடுப்பது என்கின்ற ஏற்பாடு 2011-ம் வருஷத்துச் சட்டத்தால் உண்டாகி, 2012 நவம்பரில் முதல் எலக்ஷன் நடந்தது. இந்தக் கமிஷனர் போலீசுக்காரர் அல்லர். போலீசுத் தலைவரை நியமிப்பது, வேண்டுமானால் நீக்குவது, போலீசு வரி எவ்வளவு என்று முடிவு செய்வது, எந்தக் குற்றத்தைத் தடுப்பதில் முதலில் கவனம் செலுத்துவது என்று திட்டம் போடுவது ஆகியவைகளே அவர் வேலை. "இன்னாரைப் பிடி, இன்னாரை விடு" என்று சொல்ல மாத்திரம் அவருக்கு அதிகாரமில்லை.

இந்த உத்தியோகத்துக்குக் கட்சிக்காரர்கள் நிற்கலாமா என்பது அன்று முதல் அங்கே ஓயாத வாதமாய் இருந்து வருகின்றது. "போலீசில் அரசியல் புகலாமா?" என்று பெரிய மனிதர்கள் பலர் கவலைப்பட்டார்கள். இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. ஜில்லா போர்டு, முனிசிபாலிட்டிகளில் கட்சி கூடாது என்று நம் நாட்டிலும் ஒரு காலத்தில் உபதேசம் நடந்தது. உபதேசம் செய்தவர் யார் என்று பார்த்தால், கட்சி இல்லாமலே தலைமுறை தலைமுறையாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவராகவே இருப்பார். மிராசுதாருக்குக் கட்சி எதற்கு? அவருடைய ஜாதியும் நிலமுமே அவருக்குக் கட்சியல்லவா?

போலீசு வேலையில் அரசியலே இல்லை என்பது முதலில் பொய். இருக்கின்ற ஜவான்களைப் பணக்காரர் வீதியில் ரோந்து விடுவதா, பெண்டாட்டியை அடிக்கிறான் என்று வரும் புகாரைக் கவனிக்க அனுப்புவதா, வேலைநிறுத்த காலத்தில் முதலாளி வாசலில் நிறுத்துவதா என்று தீர்மானிப்பது அரசியல் அல்லாமல் வேறென்ன? வானத்திலிருந்து ஓர் அசரீரி வந்தா அதைத் தீர்மானிக்கின்றது? யாரோ சில மனிதர்கள்தான் தீர்மானிக்கின்றார்கள். அப்படியிருக்க, ஒருவர் தம் கொள்கை இன்னது, கட்சி இன்னது என்று வெளிப்படையாய்ச் சொல்லி ஓட்டுக் கேட்பதே யோக்கியமான காரியம் என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க, நடந்தது என்ன? 2012-ல் 41 ஸ்தானங்களில் 12 சுயேச்சைகள் ஜெயித்தார்கள். 2016-ல் 3 பேர். 2021-ல் ஒருவர்கூட இல்லை. இதைக் கட்சிகளின் சூழ்ச்சி என்று மாத்திரம் சொல்லிவிட முடியாது. டிபாசிட்டு 5000 பவுன். ஒரு கமிஷனரின் எல்லை ஒரு ஜில்லா, சில இடங்களில் பல ஜில்லாக்கள். முதல் எலக்ஷனில் அபேட்சகர்களைப் பற்றிய துண்டுப் பிரசுரத்தைக்கூட சர்க்கார் வீட்டுக்கு வீடு அனுப்பவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேர். நியூபோர்ட் நகரத்தில் ஒரு சாவடியில் ஒரு ஓட்டுக்கூட விழவில்லை! நிற்கின்றவன் யாரென்றே தெரியாத ஓட்டர், தெரிந்த கட்சிப் பெயரைப் பிடித்துக் கொள்ளாமல் என்ன செய்வான்? போதாக்குறைக்கு, இரண்டாவது விருப்பத்தைக் குறிக்க இருந்த உரிமையையும் 2022-ம் வருஷச் சட்டம் எடுத்துவிட்டது.

கட்சி நோய்க்கு மருந்தாக அந்தச் சட்டம் வைத்தது ஒரு பிரமாணம். பட்சபாதமின்றி நடப்பேன் என்று பதவி ஏற்கும்போது சொல்லவேண்டுமாம். சத்தியம் செய்வதால் மனிதன் மாறுவானானால் நம் கோர்ட்டுகளில் பொய்ச் சாட்சி ஏது?

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. தெற்கு யார்க்ஷயரில் ராதர்ஹாம் என்ற ஊரில் 1997 முதல் 2013 வரை குறைந்தது 1400 குழந்தைகள் பலாத்காரத்துக்கு ஆளானார்கள் என்று 2014 ஆகஸ்டில் ஒரு விசாரணை அறிக்கை வெளிவந்தது. அப்போது அங்கே கமிஷனராயிருந்த ஷான் ரைட், முன்னே அந்த ஊர் நகரசபையில் குழந்தைகள் நலனுக்குப் பொறுப்பாயிருந்தவர். தொழில் கட்சி அவரை விலகச் சொல்லிற்று. அவரோ கட்சியிலிருந்து விலகினார், நாற்காலியிலிருந்து விலகவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய குற்றத்துக்காக வழக்குத் தொடரப்பட்டாலொழிய அவரை நிறுத்திவைக்கக்கூட சட்டத்தில் இடமில்லை. உள்நாட்டு மந்திரிக்கும் அதிகாரமில்லை, ஓட்டுப் போட்ட ஜனங்களுக்கும் இல்லை. செப்டம்பரில் அவராக ராஜிநாமாச் செய்யும் வரையில் எல்லோரும் பார்த்துக் கொண்டிருந்தார்கள். கட்சி கூடாது என்பவர்கள் கேட்ட கட்சியற்ற கமிஷனர் அந்தச் சில வாரங்களில் அங்கே இருந்தாரே, அதனால் அந்தக் குழந்தைகளுக்கு என்ன லாபம்? போட்ட ஓட்டைத் திரும்ப வாங்கும் உரிமைதான் அங்கே இல்லாமற் போயிற்று.

நம்மை ஆண்டபோது இந்த இங்கிலீஷ்காரர்கள் அந்த அளவுகூடக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தங்கள் நகரங்களில் 1835 முதலே போலீசுக்கு மேல் நகரசபைக் கமிட்டி வைத்துக்கொண்டவர்கள், 1859-ல் சென்னை மாகாணத்துக்குப் போலீசுச் சட்டம் செய்தபோது வரி கொடுப்பவனுக்கு அதில் ஒரு வார்த்தைக்கும் இடம் வைக்கவில்லை. நம் ஸ்டேஷன் வாசலில் ஏழை இன்றும் கைகட்டி நிற்பதற்கு அந்த ஆரம்பமும் ஒரு காரணம்.

இப்போது அங்கே மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகின்றார்கள். 2028 மே மாதத்தோடு கமிஷனர் பதவியே ஒழியும் என்று 2025 நவம்பரில் சர்க்கார் அறிவித்தார்கள். அதிகாரம் மேயரிடத்திலோ நகரசபை, ஜில்லா சபைத் தலைவர்களிடத்திலோ போகுமாம். இவர்கள் பெரும்பாலும் கட்சிக்காரர்களே. ஆகவே கட்சி போகப்போவதில்லை. போலீசுக்கென்று தனியாய் ஓட்டுப் போடும் உரிமைதான் போகின்றது. ராதர்ஹாம் ஊருக்கு 2024 மே முதலே இந்த நிலைதான். தெற்கு யார்க்ஷயரின் மேயரே போலீசுக்கும் பொறுப்பாளர். அவருக்குப் பஸ் உண்டு, தொழில் வளர்ச்சி உண்டு, அவற்றோடு ஒன்றாய்ப் போலீசும் உண்டு. பஸ் நன்றாக ஓடுகின்றது என்று அவருக்கு ஓட்டுப் போடுகின்றவன், போலீசு சரியில்லை என்பதை எந்தச் சீட்டில் எழுதுவான்?