பழுது நாடும் நெறி

தன் கையால் ஒரு பொருளை ஆக்குவதில் தனி இன்பம் உண்டு. இக்காலத்து இளைஞர் சிலர், கணிப்பொறியின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டி அமைக்கின்றனர். தாய்ப்பலகை, செயலி, நினைவகம், மின்வழங்கி என அவ்வுறுப்புகள் பலவாகும். கடைத்தெருவில் மதர்போர்டு, பிராசசர், ரேம், பவர் சப்ளை என்று கேட்டால் கிடைப்பவை இவையே. எல்லாம் பூட்டி முடித்துப் பொத்தானை அழுத்தும்போது, சில வேளைகளில் விசிறி மட்டும் சுழலும். திரையோ இருண்டு கிடக்கும். அப்பொழுது செய்யத்தக்கது யாது?

பலர் உடனே ஊகிக்கத் தொடங்குவர். ‘தாய்ப்பலகை கெட்டிருக்கும்’ என்பார் ஒருவர். ‘செயலி எரிந்திருக்கும்’ என்பார் மற்றொருவர். பெற்றோர் பல மாதங்கள் சேர்த்துக் கொடுத்த பணம், இவ்வாறு ஓர் ஊகத்தின் பேரில் செலவாகிவிடும். புதிய உறுப்பைப் பூட்டிய பின்னும் திரை இருண்டே கிடந்தால், பணமும் போயிற்று, ஐயமும் தீரவில்லை. சான்று இன்றி ஒரு மனிதனைக் குற்றவாளி என்று கூறுதல் தவறு என்பதை நாம் அறிவோம். உறுப்பைப் பழிப்பதற்கும் சான்று வேண்டும் என்பதே என் கருத்து.

சான்று தேடுவோர், பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள் நிகழ்வதை முதலில் அறிதல் வேண்டும். மின்வழங்கி, வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் அளவுகளில் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. அது நிலைபெற்றதும் செயலி விழித்து, தாய்ப்பலகையில் பதிந்துள்ள தொடக்க நிரலைப் படிக்கிறது. அந்நிரல் நினைவகத்தையும், திரைக்குப் படம் அனுப்பும் வரைகலை அட்டையையும் சோதிக்கிறது. எல்லாம் செம்மையாக இருப்பின், வட்டைத் தேடி இயக்க முறைமையை அழைக்கிறது. படிப்படியாகச் செல்லும் இவ்வழியில், எந்தப் படியில் தடை நேர்ந்தது என்று காண்பதே பழுது நாடுவோரின் முதல் வேலை.

கணிப்பொறி இதனைத் தானே கூறவும் வல்லது. 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறி, தன்னைச் சோதித்துக் குறையில்லை எனக் கண்டதும் ஒருமுறை குறுகிய ஒலி எழுப்பியது. இன்றைய தாய்ப்பலகைகள் பலவற்றில் அதற்கெனச் சிறு விளக்குகள் உள்ளன. எந்த விளக்கு அணையாமல் எரிகின்றதோ, அந்தப் படியில் வேலை நின்றது என்று கொள்ளலாம். ஆயினும், நினைவகத்தின் விளக்கு எரிவதால் நினைவகமே கெட்டது என்று முடிவு கட்டலாகாது. அது தன் இடத்தில் முற்றும் பொருந்தாதிருக்கலாம்; செயலியின் இருக்கையில் ஊசி ஒன்று வளைந்திருக்கலாம். அன்றியும், டி.டி.ஆர். 5 வகை நினைவகம் உள்ள பொறிகள் சில, முதன்முறை இயங்கும்போது அந்நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். பொறுமையற்றவர் அதற்குள் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பழுது என்று வருந்துவர்.

அடுத்து ஐயுற வேண்டியது நம் கைகளையே. பூட்டியவர் நாம் ஆதலின், பிழை நம்முடையதாக இருத்தல் கூடும். மின்வழங்கியின் பின்புறத்துப் பொத்தான் திறந்திருக்கிறதா? தாய்ப்பலகைக்குரிய 24 ஊசி இணைப்போடு, செயலிக்கென உள்ள 8 ஊசி இணைப்பும் செருகப்பட்டதா? திரையின் வடம், தனி வரைகலை அட்டை இருக்கவும், தாய்ப்பலகையில் செருகப்பட்டுவிட்டதா? பலகையின் அடியில் வேண்டாத இடத்தில் ஒரு தாங்கி நின்று, குறுக்கு மின்சுற்றை உண்டாக்குகிறதா? இவ்வினாக்களுக்கு விடை காணக் காசு செலவில்லை. செலவற்ற சோதனையை முன்னும், செலவுள்ளதைப் பின்னும் செய்தல் அறிவுடைமை.

இவற்றாலும் விளங்காதபோது, தேவையற்றவற்றை நீக்கிவிட வேண்டும். தாய்ப்பலகை, செயலி, அதன் குளிர்விப்பான், ஒரே ஒரு நினைவகச் சட்டம், மின்வழங்கி ஆகியவற்றோடு பொறியை இயக்கிப் பார்க்கலாம். செயலியிலேயே வரைகலைத் திறன் இல்லையெனில் வரைகலை அட்டையும் வேண்டும். அது இயங்கினால், நீக்கியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எதனைச் சேர்த்ததும் நின்றதோ, அங்கே தேடுக. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும் என்பது இங்கு மீறலாகாத விதி. இரண்டை ஒருங்கே மாற்றியபின் பொறி இயங்கினால், எதனால் இயங்கியது என்பதை நாம் அறியமாட்டோம். பழுது மறைந்தது, அறிவு வளரவில்லை.

கண்டதை எழுதி வைத்தலும் இந்நெறியைச் சேர்ந்ததே. அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க்-2 கணிப்பொறியில் 1947 செப்டம்பர் 9 அன்று ஒரு பழுது நேர்ந்தது. ‘ரிலே’ எனப்படும் மின் இணைப்பிகள் ஆயிரக்கணக்கில் அமைந்த பெரும்பொறி அது. அவற்றுள் 70-ஆம் எண்ணுள்ள ஒன்றில் விட்டிற்பூச்சி சிக்கியிருந்ததை இயக்குவோர் கண்டனர். அப்பூச்சியைக் குறிப்பேட்டிலேயே ஒட்டி, அருகில் செய்தியையும் எழுதினர். அந்த ஏடு இன்று அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளது. ‘எங்கோ கெட்டுவிட்டது’ என்னும் மங்கலான சொல்லுக்கும், ‘எழுபதாம் இணைப்பியில் பூச்சி’ என்னும் தெளிந்த சொல்லுக்கும் உள்ள தொலைவே ஆராய்ச்சியின் பயன்.

‘இத்துணை இடர்ப்பாடு எதற்கு? கடையில் கொடுத்தால் அவர்களே செப்பனிடுவார்களே’ என்று சிலர் கூறலாம். கடைக்குச் செல்வது குறையன்று. மின்வழங்கியைத் திறத்தல் போன்ற செயல்களை நாம் செய்யவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிர்க்கு ஊறு செய்யும் மின்சாரம் தங்கியிருக்கும். எனினும், ‘பொறி ஓடவில்லை’ என்று மட்டும் கூறிச் செல்பவர், கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியவர் ஆகிறார். ‘இன்னின்ன சோதித்தேன், இன்னபடியில் நிற்கிறது’ என்று கூறுபவரோ வீண் செலவுக்கு ஆளாவது அரிது. அவர் கூறும் குறிப்பு கடைக்காரருக்கும் துணையாகும்.

நோயின் காரணத்தை அறிந்தபின் மருந்தை நாடுதல் நம் முன்னோர் போற்றிய முறை. அது உடலுக்கு மட்டும் உரியதன்று. நீர் ஏற்றாத பம்பு, விடை வராத கணக்கு, விளையாத வயல் ஆகிய எல்லாவற்றிற்கும் அதுவே வழி. மாணவர்களே! உங்கள் முன் ஒரு பொறி இயங்காமல் நிற்கும்போது சினவாதீர்கள். ஊகித்துப் பழி கூறாதீர்கள். நின்று நோக்குங்கள், ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், கண்டதை எழுதுங்கள். திரை ஒளி பெறும்போது, அது ஏன் இருண்டிருந்தது என்பதையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள்.