ஊருக்குத்தானே போகிறோம்!



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கிவிட்டால் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு பரபரப்பு தோன்றிவிடும். பயண முகவர் கடைகளில் சென்னைக்கும் திருச்சிக்கும் விமானச் சீட்டு விசாரிப்பார்கள். வீட்டில் பெட்டி அடுக்கத் தொடங்குவார்கள். கோடாலித் தைலம், மைலோ, பிஸ்கட் டின், சித்தப்பாவுக்குக் கைலி என்று பெட்டியின் எடை ஏறிக்கொண்டே போகும். எல்லாம் நினைவில் இருக்கும். பிள்ளைக்குத் தடுப்பூசி என்பது மட்டும் எவர் நினைவுக்கும் வராது.

நான் மருத்துவர் அல்லள். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியை. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் நடந்த ஒன்று இதனை எழுதத் தூண்டுகிறது. மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தமிழகம் சென்று திரும்பிய இரண்டாம் வாரம் காய்ச்சலில் விழுந்தான். அருகிலிருந்த கிளினிக்கில் டிங்கி சோதனை செய்தார்கள், இல்லை என்றார்கள். காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மூன்று முறை இப்படியே நடந்தது. பின்னர் மருத்துவமனையில் சேர்த்து இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியபோதுதான் டைபாய்டு என்று தெரிந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால், திரும்பி வந்தபோது சட்டை தோளில் தொங்கியது.

இந்தியா சென்று வந்ததை மருத்துவரிடம் கூறினீர்களா என்று தாயாரைக் கேட்டேன். அவர் வியப்புடன் சொன்னார்: "அதைச் சொல்லணுமா டீச்சர்? வெளிநாடா அது? நம்ம ஊருதானே!"

அந்த அம்மையாரை நான் குறை சொல்லமாட்டேன். நம்மில் பலரின் எண்ணமும் அதுவே. ஜப்பானுக்குப் போகிறோம் என்றால் காப்புறுதி முதல் காலுறை வரை திட்டமிடுகிறோம். தாத்தா பிறந்த ஊருக்குப் போவதென்றால் இரத்தத்திலேயே ஏதோ பாதுகாப்பு இருப்பதாக நம்பிவிடுகிறோம். கிருமிக்கு வம்சாவளி தெரியுமா என்ன?

என்னோடு பணியாற்றிய மலாய் ஆசிரியை ஒருவர் உம்ரா செல்லுமுன் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டார். சவூதி அரசாங்கம் சான்றிதழ் கேட்கிறது. பயணத்திற்குப் பத்து நாள்களுக்கு முன்னரே போட்டிருக்கவேண்டும். ஆகவே அங்கே விவாதமே இல்லை. மலேசியாவிலிருந்து நேரே செல்லும் நம்மிடம் இந்தியக் குடிநுழைவில் பொதுவாக எந்த ஊசிச் சான்றும் கேட்பதில்லை. கேட்காததால் தேவையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் நமக்கு வாழை இலையில் பரிமாறுபவர், 2009ஆம் ஆண்டு உணவுத் துப்புரவு விதிமுறைகளின்படி டைபாய்டு ஊசி போட்டிருக்கவேண்டும். அந்நோய் பரவலாக உள்ள நாட்டுக்கே செல்லும் நம் பிள்ளைக்கு அது கிடையாது! நம் நாட்டின் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் டைபாய்டும் இல்லை, ஹெப்படைட்டிஸ் 'ஏ'யும் இல்லை. பள்ளியில் போட்ட ஊசியே போதும் என்று எண்ணுவோர் இதனை அறிந்திருக்கவேண்டும்.

"நாங்களெல்லாம் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளரவில்லையா?" என்று பாட்டிமார் கேட்பர். அதிலும் ஓர் உண்மை உண்டு. ஹெப்படைட்டிஸ் 'ஏ' சிறு குழந்தைகளுக்கு வந்தால் பெரும்பாலும் அறிகுறியே தெரியாமல் போய்விடும். அதன்பின் வாழ்நாள் முழுதும் எதிர்ப்பாற்றல் இருக்கும். தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்த பலருக்கு அப்படித்தான் வந்துபோயிருக்கவேண்டும். காய்ச்சி வடிகட்டிய நீரைக் குடித்து, அடுக்குமாடியில் வளரும் பேரனுக்கு அந்தப் பயிற்சி இல்லை. வயது ஏறஏற அந்நோய் கடுமையாகும் என்பதால், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இன்னும் கவனம் தேவை.

நம் ஆண்டிறுதி விடுமுறை தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோடு வந்து சேர்கிறது. தெருவில் நீர் தேங்கும். சாக்கடையும் குடிநீரும் கலக்க வாய்ப்புண்டு. டைபாய்டு ஊசியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னராவது போடவேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது சிறப்பு. குடும்பம் முழுவதற்குமான அந்த ஊசிச் செலவு தி. நகரில் எடுக்கும் ஒரு பட்டுப்புடவையின் விலைக்குள் அடங்கிவிடும். ஆயினும் ஊசி முழுக் கவசமாகாது. பனிக்கட்டி போட்ட கரும்புச்சாறு, வெட்டி வைத்த பழம், சாலையோரப் பானிபூரித் தண்ணீர் ஆகியவற்றை அப்போதும் தவிர்க்கத்தான் வேண்டும். கோயிலில் கொடுக்கும் தீர்த்தத்தைக் குழந்தையின் தலையில் தெளித்தாலும் புண்ணியம் சேரும் என்பது என் துணிபு.

பத்துமலையில் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டிப் பழகிய பிள்ளைகள் பழனியிலும் நீட்டுவார்கள். தெருநாய்க்குப் பிஸ்கட் போடுவார்கள். தீபகற்ப மலேசியாவில் வெறிநாய்க்கடி நோய் அரிது என்பதால் நமக்கு அந்த அச்சமே இல்லை. உலகில் அந்நோயால் இறப்போரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தியாவில் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கடித்தாலோ கீறினாலோ பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டு, கிள்ளான் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்து. அறிகுறி தோன்றியபின் அந்நோய்க்கு மருந்தில்லை.

கொசுவைப் பொறுத்தவரை, டிங்கியை நாம் அறிவோம், மலேரியாவை மறந்துவிட்டோம். 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலத்தை வடியச் செய்து மலேரியாவை அடக்கினார். மனிதரிடையே பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்ளூரில் தொற்றவில்லை. குரங்கு வழி வரும் வகை மட்டும் தொடர்கிறது. சென்னையிலோ மாடித் தொட்டியின் தூய நீரிலும் கிணற்றிலும் வளரும் கொசுவே மலேரியாவைப் பரப்பி வந்துள்ளது. செல்லும் ஊரைச் சொன்னால் மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

டைபாய்டு ஒன்று முதல் மூன்று வாரம் வரை உடலில் பதுங்கியிருக்கும். மலேரியா சில வேளை மாதக்கணக்கில் கழித்தும் வெளிப்படும். அதாவது, நோய் வெளிப்படுவது பள்ளி திறந்தபின், நம் வகுப்பறையில். ஆகவே, ஆசிரியர்களே, விடுமுறைக்குப்பின் ஒரு பிள்ளை காய்ச்சலில் துவண்டால், "இந்தியா போய் வந்தோம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்" எனப் பெற்றோரிடம் கூறுங்கள். நம்மால் இயன்ற உதவி அது.

அண்மையில் ஒரு தந்தையார், குடும்பத்தோடு தஞ்சாவூர் செல்வதற்காக மகளுக்கு விடுப்புக் கடிதம் கொண்டு வந்தார். மருத்துவரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "மாமியார் வீட்டுக்குப் போக ஊசியா டீச்சர்?" என்று உரக்கச் சிரித்தார். மறுவாரம் அவர் மகள் கட்டுரை எழுதாமல் வந்து நின்றாள். ஊசி போட்டதில் கை வலிக்கிறதாம். எந்தக் கை என்று கேட்டேன். இடக்கையைக் காட்டினாள்.