பரிசாகக் கிடைத்த பட்டமா?

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகச் சதுரங்க வாகையர் போட்டியின் 14ஆம் ஆட்டத்தில், டிங் லிரென் தம் 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். அடுத்த மூன்று நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. சென்னையின் குகேஷ் 7.5–6.5 என்ற கணக்கில், 18 வயதில் உலக வாகையரானார். உடனே ஒரு தீர்ப்பும் வந்துவிட்டது: இது வென்ற பட்டமன்று, எதிராளி கொடுத்த பட்டம். முன்னாள் வாகையர் கிராம்னிக் சதுரங்கமே முடிந்துவிட்டது என்னும் பொருள்பட வருந்தினார். ரஷ்யச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் ஃபிலாத்தவ் விசாரணையே கோரினார்.

இத்தீர்ப்பு பலகையைப் பார்க்கவில்லை. கணினித் திரையின் மதிப்பெண்ணை மட்டுமே பார்த்தது.

பிழை பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வானத்திலிருந்து விழவில்லை. சமன் நாடிய லிரென், காய்களை வெட்டிக் குறைத்து, ஒரு சிப்பாய் குறைவான இறுதியாட்டத்துக்குத் தாமே இறங்கினார். அவருடைய பிஷப் ஏ8 மூலையில் முடங்கிக் கிடந்தது. கடிகாரத்திலும் அவர் பின்தங்கியிருந்தார். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தம் பிஷப்பை டி5இல் நிறுத்தினார். மூலையிலிருந்த பிஷப்புக்கு வேறு வழியில்லை, அதுவும் வெட்டுப்பட்டது. எஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் வெள்ளைக்கு மீட்சியில்லை. யானைகள் பலகையில் இருந்தவரை காக்கக்கூடிய நிலை, அவை போனதும் தோற்ற நிலையாயிற்று. இறுதியாட்டக் கல்வியின் முதற்பாடமே இதுதான்: எதை மாற்றிக்கொள்கிறோம் என்பதைவிட, மாற்றியபின் எது எஞ்சுகிறது என்பதே முக்கியம்.

கிடைத்த பிழை தானாக வெற்றியாகிவிடும் என்போர் 2014 சோச்சியை நினைவுகூர வேண்டும். அங்கே 6ஆம் ஆட்டத்தில் கார்ல்சன் 26ஆவது நகர்த்தலில் தம் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் போதும். ஆனந்த் ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினார், ஆட்டத்தையும் இழந்தார். ஆனந்துக்கே தவறியது குகேஷுக்கும் தவறியிருக்கலாம். வேறொரு நகர்த்தலைச் செய்யவிருந்ததாகவும், அதற்குள் பிஷப் சிக்கியிருப்பதைக் கண்டதாகவும் அவரே பின்னர் கூறினார். அந்த ஒரு கணப் பார்வைக்குப் பெயர் நற்பேறா?

அதே போட்டியின் 6ஆம் ஆட்டத்தில், நிலை மும்முறை திரும்பிச் சமனாகும் வாய்ப்பை மறுத்து ஆடியவர் குகேஷ். அன்று அதைத் துணிச்சலற்ற சமனைவிட ஆபத்தான பிடிவாதம் என்றனர். இறுதி நாளில் ஐம்பது நகர்த்தல்களுக்குப் பின்னும் எதிராளியைச் சிந்திக்க வைத்தது அதே பிடிவாதம்தான்.

மன்றப் போட்டிகளிலும் இந்நோய் பரவியிருக்கிறது. தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்யும் மாணவர், தோற்ற இறுதியாட்டத்தின் தாளைக் கசக்கி எறிகிறார். வென்றவரோ எதிராளியின் பிழையைச் சொல்லிச் சிரிக்கிறார். இருவருமே கற்பதில்லை. பிழையை அவமானமாக மட்டும் பார்ப்பவர், அதை உண்டாக்கிய உழைப்பையும் காண்பதில்லை, அதைத் தவிர்க்கும் அறிவையும் பெறுவதில்லை.