வசூலும் விசாரணையும்

நமது நாட்டில் தர்மம் செய்ய ஆள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெட்டிக்கடைக்காரர் முதல் மில் கூலிக்காரர் வரையில் உண்டியலைக் கண்டால் காசு போடுகிறவர்களாகவும், துண்டை ஏந்தி வருகிறவனைக் கண்டால் இல்லையென்று சொல்லக் கூச்சப்படுகிறவர்களாகவுமே இருக்கின்றார்கள். இல்லாதது என்னவென்றால், கொடுத்த காசு எங்கே போயிற்று என்று கேட்கும் வழக்கந்தான்.

புதுக்கோட்டை, தஞ்சை ஜில்லாக்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கங்களில் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து நடப்பது யாவரும் அறிந்ததே. அங்கே இலையில் உட்கார்ந்து எழுந்தவர் வைத்த ஒவ்வொரு ரூபாயும் நோட்டில் ஏறுகிறது. நாளைக்கு அவர் விருந்து வைக்கும்போது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாங்கியதற்குக் குறையாமல், கூடவே கொஞ்சம் சேர்த்தும் திருப்பி வைக்கிறார்கள். கணக்குத் தப்பினால் உறவே முறிந்துவிடும். ஆனால் அதே மனிதர் ஒரு அனாதை இல்லத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு ரசீதைக்கூட வாங்காமல் வருகிறார். ஏனையா என்றால், "தர்மத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்கிறார். தனக்குத் திரும்பி வரவேண்டிய பணத்துக்கு நோட்டு வேண்டும், திக்கற்றவனுக்குப் போய்ச் சேரவேண்டிய பணத்துக்கு நோட்டு வேண்டாம் என்றால் இது என்ன நியாயம்? காரணம் வேறொன்றுமில்லை. கொடுத்த மாத்திரத்தில் புண்ணியம் தன் பேரில் வரவாகிவிட்டது என்று அவர் நினைக்கிறார். வாங்கினவன் பசி ஆறியதா என்பது அவருக்கு அவசியப்படுவதில்லை.

நிற்க, இப்போது பல ஊர்களில் வாலிபர்கள் பத்துப்பேர் கூடி, நாடகம் போட்டோ, விருந்து வைத்தோ, வீடுவீடாகப் போயோ ஒரு தொகை திரட்டி ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுப்பதென்று கிளம்புகிறார்கள். 2024-ஆம் வருஷம் வயநாட்டில் மலை சரிந்து நூற்றுக்கணக்கான மக்கள் மாண்டபோது திண்டுக்கல்லில்கூட மொய் விருந்து வைத்துப் பணம் சேர்த்தார்கள். இவர்களுடைய உற்சாகம் பாராட்டத்தக்கதேயாகும். ஆனால் பெரும்பாலோர் முதலில் நோட்டீசு அச்சடிக்கிறார்கள், பிறகு பணம் சேர்க்கிறார்கள், கடைசியில்தான் யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கிறார்கள். அந்தச் சமயத்தில் யார் அதிகமாகக் கண்ணீர் விட்டுப் பேசுகிறாரோ, அல்லது யார் கமிட்டிக்காரருக்குச் சொந்தக்காரரோ, அவருக்குப் பணம் போய்விடுகிறது. தலைமாடு கால்மாடு தெரியாமல் கட்டில் பின்னுவதுபோன்ற காரியமே இது.

பெரிய ஸ்தாபனத்துக்கா, சிறிய ஸ்தாபனத்துக்கா என்பதே முதல் கேள்வியாகும். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாற்பதினாயிரம் ரூபாய் கொடுத்தால் அது கடலில் ஊற்றிய குடம். கொடுத்தவர்கள் பேரைச் சுவரில் எழுதலாமே ஒழிய வேறு வித்தியாசம் தெரியாது. ஆனால் பக்கத்துக் கிராமங்களில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் பார்க்கும் ஒரு சிறு சங்கத்துக்கு, வாரத்தில் மூன்று நாள் ஆட்டோவுக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய் ஆகிறதென்று வைத்துக் கொள்ளுங்கள். அதே நாற்பதினாயிரம் அவர்களுக்கு ஐந்து மாதம் ஓடும். அந்த ஐந்து மாதத்தில் எத்தனை வீடுகளுக்குப் போனார்கள் என்று நீங்களே போய் எண்ணியும் பார்க்கலாம்.

சிறியது என்பதற்காகவே நல்லது என்று நாம் சொல்லவில்லை. சிறியதில்தான் திருட்டும் சுலபம், அசட்டையும் சுலபம். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓடவும் முடியாமல் கருகிச் செத்தார்கள். மனநோய் பிடித்தவனுக்கு வைத்தியரைத் தேடாமல் தர்காவில் குணமாகுமென்று கொண்டுபோய் விட்ட மூடநம்பிக்கை ஒருபுறமிருக்கட்டும். "இல்லம்" என்று பலகை தொங்கினால் உள்ளே எட்டிப் பார்க்காமலே நம்பிவிடும் நமது குணத்துக்கும் அதில் பங்கில்லை என்று யார் சொல்லமுடியும்? ஆகையால் பணம் கொடுக்கப்போகும் இடத்துக்கு முன்னறிவிப்பில்லாமல் ஒரு தடவை, அறிவித்துவிட்டு ஒரு தடவை போகவேண்டும். இரண்டு தடவையும் ஒரேமாதிரி இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விசாரணை முடிந்துபோகும். மீதிப் பாதிக்கு ரிஜிஸ்தர் நம்பரையும் மூன்று வருஷத்துக் கணக்கையும் கேட்கவேண்டியது. 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கங்கள் வருஷந்தோறும் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்யவேண்டியவைகளேயாகும். அங்கே கொடுத்த கணக்கை நம்மிடம் காட்ட ஏன் தயங்கவேண்டும்? ரிஜிஸ்தர் இருந்துவிட்டால் யோக்கியன் என்றும் அர்த்தமில்லை. 1794-இல் காலமான பச்சையப்ப முதலியார் எழுதிவைத்த தர்ம சொத்து, நிர்வாகிகள் கையிலும் கோர்ட்டு வழக்கிலும் கிடந்து, 1842-இல்தான் ஒரு பள்ளிக்கூடமாகத் தலையெடுத்தது. உயில் எழுதிவைத்த சீமான் சொத்துக்கே அந்தக் கதியென்றால் துண்டில் விழுந்த காசுக்கு என்ன ஆகாது?

குழந்தைகள் இல்லங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பிறந்தநாள் என்றாலும் நினைவுநாள் என்றாலும் ஒரு வேளைச் சாப்பாடு போட்டுப் படம் பிடித்துக்கொண்டு வருவது இப்போது நாகரிகமாகிவிட்டது. தலைவர்கள் பிறந்தநாளென்றால் ஒரே நாளில் மூன்று பேர் பிரியாணி கொண்டுவருவார்கள். மறுநாள் மின்சாரக் கட்டணத்துக்கு ஆள் கிடையாது. வருகிறவர் போகிறவர் முன்னால் கைகட்டி வரிசையாக நின்று நன்றி சொல்ல அந்தப் பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள்? 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, பராமரிப்புக்காக வந்த பிள்ளைகளுடைய படத்தையும் அடையாளத்தையும் வெளியிடக்கூடாதென்று தடுக்கிறது. ஆகவே பிள்ளைகள் படத்தை அச்சடித்து வசூலுக்கு வரும் இல்லம் எதுவாயினும் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மேலும் இந்த இல்லங்களில் இருப்பவர்களில் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கும் பிள்ளைகள் பலபேர் உண்டு. வறுமையே அவர்களை அங்கே தள்ளியது. அப்பிள்ளை தாயோடு இருந்து படிப்பதற்கு வேண்டியதைக் கொடுக்கும் சங்கம் ஒன்று உங்களூரில் இருக்குமானால், கட்டடம் கட்டும் இல்லத்தைவிட அதுவே மேலென்பது நமது அபிப்பிராயம். "எந்தச் சாதிப் பிள்ளை?" என்று கேட்டுச் சேர்க்கும் இடத்துக்கு நமது தோழர்கள் காலணாவும் கொடுக்கமாட்டார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஏழைகள் காசால் ஏழைகளுக்கான காரியம் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் மலையாளத்தைப் பார்க்கட்டும். 1993-இல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள், புற்றுநோய் முற்றி வலியால் துடிப்பவர்களுக்கு வலியாவது தெரியாமல் செய்வோம் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பிறகு மலப்புறம் முதலிய ஜில்லாக்களில் அந்தந்த ஊர்க்காரர்களே அந்த வேலையை எடுத்துக்கொண்டு, நோயாளிகள் வீட்டுக்குப் போய்ப் புண் கழுவவும், பக்கத்தில் உட்கார்ந்து பேசவும், குடும்பத்துக்கு அரிசி கொடுக்கவும் கற்றுக்கொண்டார்கள். கடைகளில் வைத்த டப்பாக்கள், பள்ளிப் பிள்ளைகள், கூலிக்காரர்கள், பஸ்காரர்கள் ஒருநாள் வசூல் என்று இப்படிச் சேர்ந்த சில்லறையில்தான் அந்த வேலை பெரும்பாகம் நடந்தது. கொடுத்தவன் அதே தெருவில் இருந்தான், நர்ஸ் எந்த வீட்டுக்குப் போனார் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. கணக்கைத் தெருவே பார்த்துக்கொண்டது! 2008-இல் கேரள சர்க்காரே இதை ஒரு கொள்கையாக ஏற்று ஊராட்சிகளின் பொறுப்பில் சேர்த்தது.

இது சர்க்கார் செய்யவேண்டிய வேலையல்லவா, நாம் ஏன் பிச்சையெடுக்கவேண்டும் என்று சில தோழர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் 1956-இல் எட்டயபுரத்தில் ஆரம்பித்த மதிய உணவும் முதலில் ஊரார் கொடுத்த நன்கொடையால்தான் நடந்தது, பிறகே சர்க்கார் பணம் வந்தது. நமது ராஜ்யத்திலும் 2021-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் வீட்டிலேயே படுக்கை நோயாளிகளைக் கவனிக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. ஆகவே ஒரு சிறு சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்த வேலையைக் கண்ணால் கண்டபிறகு ஊரார் சர்க்காரிடம் போய் இது எங்கள் உரிமை என்று கேட்கக்கூடியதா என்று பார்க்கவேண்டும். கேட்கக்கூடியதானால் உங்கள் பணம் ஒன்றுக்குப் பத்தாக வேலை செய்யும். வருஷம் பூராவும் வேட்டி சேலை கொடுத்துக்கொண்டே இருப்பதற்கு இந்த யோக்கியதை கிடையாது.

இன்னொரு மயக்கமும் உண்டு. "எங்களிடம் சம்பளச் செலவே கிடையாது, நூறு ரூபாயும் ஏழைக்கே" என்று ஒரு சங்கம் சொன்னால் உடனே கைதட்டுகிறார்கள். நோயாளி வீட்டுக்குப் போகும் நர்ஸுக்குச் சம்பளம் கொடுப்பது வீண்செலவா? அந்த நர்ஸின் கைதான் அங்கே தர்மம். கணக்கு எழுத ஒரு ஆளில்லாத சங்கத்தில் கணக்கு எப்படி இருக்கும்? கேட்கவேண்டியது சம்பளம் உண்டா என்பதல்ல. யாருக்கு, எவ்வளவு, என்ன வேலைக்கு, அவர் காரியதரிசிக்கு மைத்துனரா என்பதேயாகும். வரிச்சலுகைச் சீட்டு உண்டா என்று கேட்பதும் வருமானவரி கட்டும் கனவான்களுக்கு உதவலாம். அதுவும் பழைய முறையில் வரி கட்டுகிறவர்களுக்கு மாத்திரந்தான். ரொக்கமாக 2000 ரூபாய்க்குமேல் கொடுத்தால் அவர்களுக்கும் கிடையாது. பத்து ரூபாய் போடுகிற காய்கறிக்காரம்மாளுக்கு அதனால் ஒன்றுமில்லை. அந்தச் சீட்டு இல்லாத குற்றத்துக்காக நல்ல வேலை செய்யும் சிறு சங்கத்தைத் தள்ளிவிடுவது புத்திசாலித்தனமல்ல.

கடைசியாக, வசூல் செய்கிறவர்களுடைய யோக்கியதையையும் பார்த்துக்கொள்ளவேண்டும். அறுபதினாயிரம் வசூலாகி, பந்தலுக்கும் மைக்குக்கும் வரவேற்புப் பலகைக்கும் முப்பத்தைந்தாயிரம் போனால், அது யாருக்கு நடந்த தர்மம்? செலவு இவ்வளவுக்குமேல் போகக்கூடாதென்று முதலிலேயே தீர்மானம் எழுதவேண்டும். கைபேசியில் பணம் வாங்குவதானால் கமிட்டிப் பேரில் பாங்கிக் கணக்குத் திறந்து அதற்கே வாங்கவேண்டுமேயொழிய, தலைவருடைய சொந்தக் கணக்குச் சதுரக் கோட்டை நோட்டீசில் அச்சடிக்கக்கூடாது. பணத்தை மொத்தமாகக் கொடுத்து இயந்திரம் வாங்கச் சொல்லாமல், மூன்று நான்கு தவணையாகப் பிரித்து, முன் தவணையின் கணக்கைப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுப்பதே நலம். இயக்க ஆளில்லாமல் துணி மூடிக் கிடக்கும் இயந்திரத்தின்மேல் உபயம் என்று எழுதியிருப்பதால் நோயாளிக்கு என்ன லாபம்?

ஆகவே கிளம்பியிருக்கும் தோழர்கள் நோட்டீசு அச்சடிக்குமுன் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள சங்கங்களில் நான்கைந்தைப் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி, கூட்டத்தில் படித்து, கையெடுப்பில் ஒன்றைத் தீர்மானிக்கட்டும். கமிட்டி அங்கத்தினரின் சொந்தக்காரர் நடத்தும் சங்கமானால் அந்த அங்கத்தினர் கை தூக்கக்கூடாது. எந்தச் சங்கம், எந்த வேலைக்கு என்பதை நோட்டீசிலேயே கொட்டை எழுத்தில் போட்டுவிட வேண்டியது. வசூல் முடிந்து பதினைந்து நாளைக்குள் வரவையும் செலவையும், பத்து ரூபாய் கொடுத்தவர் பேர் உட்பட, அச்சடித்து டீக்கடையிலும் வாசகசாலையிலும் ஒட்டவேண்டியது. ஆறு மாதம் கழித்து அந்தச் சங்கத்தாரையே கூட்டத்துக்கு அழைத்து, என்ன செய்தீர்கள் என்று கொடுத்தவர்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்கவேண்டியது.